குழலின் முதல் இரண்டு அங்குலம்



ரைஃபிள் குழல் செய்ய எந்த உருக்கு நல்லது என்பதுதான் இன்றைய பேச்சு. சுடும் கலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதில் எனக்குத் தேர்ச்சியும் கிடையாது. நான் உலோகக்காரன், உலையும் நுண்ணோக்கியும்தான் எனக்குப் பழகிய இடங்கள். அங்கிருந்து பார்க்கிறவனுக்கு ரைஃபிள் குழல் ஒரு விசித்திரமான பண்டம்.

ஏன் விசித்திரம் என்கிறேன் என்றால், ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7.62 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றைச் சுட்டால், குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு; மிஞ்சிப்போனால் ஒன்றரைப் பங்கு. போட்டியில் சுடுகிறவர்கள் இந்த வகைக் குழலை ஏறத்தாழ 5,000 சுற்றுக்குப் பிறகு கழற்றிவிடுவார்கள். பெருக்கிப் பாருங்கள். பல வருடம் உழைத்ததாக நாம் நினைக்கும் அந்தக் குழல், தன் ஆயுள் முழுவதிலும் வேலை பார்த்தது ஆறேழு நொடி.

ஆனால் அந்த நொடிகள் சாதாரண நொடிகள் அல்ல. உள்ளே அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றைப் போல 4,000 மடங்குக்கு ஏறுகிறது. எரிவாயுவின் வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கிறது. உருக்கோ 1,500 டிகிரிக்குள் உருகிவிடும் பொருள். குண்டு வெளியே வரும்போது நிமிடத்துக்கு 1,60,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அந்தச் சுழற்சியைக் கொடுப்பவை குழலின் உட்சுவரில் திருகுபோல் ஓடும் வரிப்பள்ளங்கள். அவற்றின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஒவ்வொரு குண்டும் அந்தப் பள்ளங்களில் தன் உடம்பை அழுத்திக்கொண்டு போகவேண்டும்.

எந்த உருக்கு நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். குழல் எத்தனை காலம் தாங்கும் என்பது ஒரு கேள்வி. குண்டு எவ்வளவு துல்லியமாகப் போகும் என்பது வேறு கேள்வி. ஒன்றுக்கு நல்லது மற்றதற்கும் நல்லதாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. பல இடங்களில் இரண்டும் எதிரெதிராகவே நிற்கின்றன. எனக்குச் சொல்ல இருப்பது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விவரம்.

முதலில் ஒரு பயத்தைத் தள்ளிவைப்போம். மட்டமான உருக்கு என்றால் குழல் வெடித்துவிடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. இன்றைக்குக் குழலுக்கென்று விற்கிற எந்த உருக்கும் அந்த 4,000 மடங்கு அழுத்தத்தைத் தாங்கத் தேவையானதைவிட வலுவானது. சுவரும் தடிமனாகவே இருக்கிறது. குழல் வெடிப்பது பெரும்பாலும் உள்ளே சேறோ, சிக்கிய குண்டோ அடைத்துக்கொண்டிருப்பதால். அது உருக்கின் பெயரைப் பொறுத்த சங்கதி அல்ல.

இனித் துல்லியம். 1860 ஜூலையில் லண்டனை அடுத்த விம்பிள்டனில் பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் தன் முதல் போட்டியை நடத்தியது. தொடங்கிவைத்தவர் விக்டோரியா மகாராணி. இரும்புத் தாங்கி ஒன்றில் பொருத்திவைத்த ஜோசப் விட்வொர்த்தின் ரைஃபிளை, கயிற்றை இழுத்து அவர் சுட்டார். 400 கஜம் தாண்டியிருந்த இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பாய்ந்தது. இன்றைய போட்டிக் குழலுக்கே அது வெட்கப்பட வேண்டிய அளவல்ல. ஒரே ஒரு குண்டைக் கொண்டு துல்லியத்தை அளக்கக்கூடாது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் புள்ளியியல்காரர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அது சரிதான். ஆனாலும் அந்த நாளில் குரோமியம் கலந்த குழல் இல்லை, மாலிப்டினம் இல்லை. அங்கே இருந்தது விட்வொர்த்தின் கை. அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அளக்கும் கருவியைச் செய்து காட்டியவர் அவர். துளை முனையிலிருந்து முனைவரை ஒரே அளவாக இருந்தால் குண்டு ஒரே மாதிரி போகும் என்பதைக் கண்டு, அதைச் செய்தும் வைத்தார்.

இன்றைக்கும் கதை அதேதான். உயர்ந்த போட்டிக் குழல் செய்கிறவர்கள் துளையின் அளவை இரண்டு மூன்று மைக்ரானுக்குள் நிறுத்துகிறார்கள். நம் தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் இருக்கும். அதில் இருபதில் ஒரு பங்கைவிடக் குறைவு. இதைச் சாதிக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கொக்கிபோன்ற சிறிய வெட்டுளியைத் துளைக்குள் இழுத்து இழுத்து, ஒவ்வொரு இழுப்பிலும் இரண்டரை மைக்ரான் அளவுக்குச் சீவி எடுப்பது. ஒரு குழலுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிராட் அண்ட் விட்னி இயந்திரங்களை இன்றும் எண்ணெய் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும் பட்டறைகள் அமெரிக்காவில் இருக்கின்றன. இன்னொன்று, கார்பைடில் செய்த கெட்டியான குமிழ் ஒன்றைத் துளைவழியே இழுத்து, உலோகத்தை வெட்டாமல் அமுக்கிப் பள்ளமாக்குவது. சில நிமிட வேலை. மூன்றாவது, உள்ளே வார்ப்புத் தண்டு ஒன்றைச் செருகி வெளியிலிருந்து நான்கு பக்கமும் சுத்தியலால் அடித்துக் குழலையே அந்தத் தண்டின்மேல் இறுக்குவது. குளிர்நிலைச் சுத்தியலடி என்கிற இந்த முறை ஜெர்மனியில் பிறந்தது. நிமிடத்துக்கு 1,200 சுற்று சுட்டுத்தள்ளிய எம்.ஜி. 42 போன்ற இயந்திரத் துப்பாக்கிகளுக்குக் குழல் போட்டு மாளாததால் வந்த தேவை அது.

இங்கேதான் உருக்கு மெல்ல உள்ளே வருகிறது. அமுக்கினாலும் அடித்தாலும் உலோகத்துக்குள் இறுக்கம் தங்கிவிடும். அப்படிப்பட்ட குழலின் வெளிப்புறத்தைப் பிறகு லேத்தில் கடைந்தால், இறுக்கிப் பிடித்திருந்த தோல் போய்விடுகிறது. உட்துளை சில மைக்ரான் விரிந்துகொள்ளும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக விரியாது. பத்துக் குண்டு சுட்டுக் குழல் சூடானதும் உள்ளிறுக்கம் ஒரு பக்கமாக இழுக்க, குண்டு விழும் இடம் மெல்ல நகர ஆரம்பிக்கும். அதனால் உலையில் வைத்து இறுக்கத்தைத் தளர்த்தும் பக்குவம் வேண்டும். நல்ல குழல்காரர் ஒருவரிடம் உருக்கின் பெயரைக் கேட்பதைவிட, இறுக்கம் தளர்த்தும் வேலையை எத்தனை முறை, எந்தெந்தக் கட்டத்தில் செய்கிறீர்கள் என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

துல்லியத்தை இத்தோடு விடுகிறேன். ஆயுள் கதைதான் சுவையானது.

பிரிட்டிஷ் ராணுவம் 1888இல் லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளை ஏற்றது. .303 அங்குலத் துளை. வில்லியம் மெட்ஃபோர்டு வகுத்த வரிப்பள்ளங்கள் ஆழம் குறைந்தவை, விளிம்பு மழுங்கியவை. காரணம் கரிமருந்து. சுட்டதும் துளையெல்லாம் கரியாகப் படியும். மழுங்கிய பள்ளம் என்றால் கரி தங்காது, துடைப்பதும் எளிது. அன்றைய வெடிமருந்துக்கு அது மிக அருமையான வடிவம்.

அடுத்த சில வருடங்களில் வெடிமருந்து மாறிவிட்டது. ஃபிரடெரிக் ஏபலும் ஜேம்ஸ் டூவரும் 1889இல் உருவாக்கிய கார்டைட் வந்தது. நைட்ரோகிளிசரின் 58 சதவீதம், வெடிபஞ்சு 37 சதவீதம், மீதி 5 சதவீதம் வாசலின். ஆமாம், உதட்டுக்குத் தடவும் அதே வாசலின் வகைதான். குழலுக்குள் வழவழப்பு தரட்டும் என்று சேர்த்தார்கள். அந்த வேலையை அது பெரிதாகச் செய்யவில்லை. மருந்து கெடாமல் காக்கும் வேலையை நன்றாகவே செய்தது. இந்தக் கார்டைட்டுக்கும் நமக்கும் உறவு உண்டு. ஊட்டி ரயிலில் குன்னூரையும் வெலிங்டனையும் தாண்டியதும் வரும் அருவங்காட்டில் 1903இல் அமைந்த தொழிற்சாலையின் பெயரே கார்டைட் ஃபேக்டரி.

கார்டைட் புகை விடாது, கரி படியாது. ஆனால் அது எரிகிற சூடு கரிமருந்தைவிட வெகு அதிகம். மெட்ஃபோர்டின் மழுங்கிய பள்ளங்கள் தோட்டா அறையை ஒட்டிய இடத்தில் கரைந்து போயின. ராணுவம் 1895இல் என்ஃபீல்டு ஆலை வகுத்த ஐந்து பள்ளங்களுக்கு மாறியது. ஆழம் கூடியவை, விளிம்பு நேராக நிற்பவை. அப்படித்தான் லீ-என்ஃபீல்டு என்ற பெயர் வந்தது. பின்னர் கார்டைட்டையே மாற்றி, நைட்ரோகிளிசரினை 30 சதவீதமாகக் குறைத்து வெடிபஞ்சை 65 ஆக்கினார்கள். கவனியுங்கள்: குழல் தேய்கிறது என்றதும் முதலில் மாற்றியது பள்ளத்தின் வடிவத்தை; பிறகு மாற்றியது மருந்தை. உருக்கை மாற்றும் யோசனை அதற்கப்புறம்தான் சூடுபிடிக்கிறது.

அந்த யோசனையின் பின்னால் போனவர் ஷெஃபீல்டின் ஹாரி பிரியர்லி. உருக்கு உருக்குபவரின் மகன், 1871இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு வேலைக்குப் போய், ஆய்வுக்கூடத்தில் சீசா கழுவும் பையனாகச் சேர்ந்து, கழுவிய சீசாக்களில் என்ன இருந்தது என்று படித்துப் படித்தே வேதியியல் கற்றவர். 1908இல் பிரவுன் ஃபர்த் ஆய்வுக்கூடத்தின் தலைமைக்கு வந்துவிட்டார். 1912இல் துப்பாக்கி செய்யும் ஆலை ஒன்று அவரிடம் வந்தது: எங்கள் குழல்கள் சீக்கிரம் அரித்துப்போகின்றன, வழி சொல்லுங்கள்.

குரோமியம் கூடினால் உருக்கு அதிக வெப்பத்தைத் தாங்கும் என்பது அவர் கணிப்பு. குரோமியத்தின் அளவை ஏற்றியும் கரியை இறக்கியும் வார்ப்புகள் போட்டுப் பார்த்தார். 1913 ஆகஸ்டில் மின் உலையில் வார்த்த ஒன்றில் குரோமியம் 12.8 சதவீதம், கரி 0.24 சதவீதம். அதை ஆராய வேண்டும். எங்கள் தொழிலில் உருக்கின் உள்ளமைப்பைப் பார்ப்பது இப்படி: ஒரு துண்டு வெட்டி, உப்புக்காகிதத்தில் தேய்த்து, கண்ணாடிபோல் மெருகேற்றி, சாராயத்தில் கலந்த நைட்ரிக் அமிலத்தில் சில நொடி தோய்ப்போம். அமிலம் மணிகளின் எல்லைகளைத் தின்னும்; நுண்ணோக்கியில் வலைபோல் வடிவம் தெரியும். பிரியர்லியின் துண்டு அமிலத்துக்கு அசையவில்லை. மெருகு மெருகாகவே இருந்தது. வினிகரில் போட்டார், எலுமிச்சைச் சாற்றில் போட்டார், ஒன்றும் ஆகவில்லை.

வேறொருவராக இருந்தால் "சனியன், கரையமாட்டேன் என்கிறதே" என்று வேறு அமிலம் தேடியிருப்பார். பிரியர்லி வளர்ந்த ஊர் கத்தி செய்யும் ஊர். அன்றைய சாப்பாட்டுக் கத்திகள் சாதாரணக் கரி உருக்கில் செய்தவை. எலுமிச்சை பட்டால் கறுக்கும், தினமும் தேய்க்கவேண்டும். குழலுக்காகத் தேடிய உருக்கு கத்திக்கு ஆகும் என்று அவருக்குத்தான் பட்டது. அவருடைய முதலாளிகளுக்குப் பல நாள் அது உறைக்கவேயில்லை. இதை முன்வைத்து எழுந்த பிணக்கில் 1915இல் அவர் அந்த இடத்தை விட்டே வெளியேறினார். உலகப் போரில் இந்த உருக்கு விமான எஞ்சின் வால்வுகளுக்குப் போயிற்று. போர் முடிந்து வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. எந்தக் குழலுக்காகத் தேடினாரோ, அந்தக் குழலுக்கு மட்டும் அப்போது போகவில்லை.

பிரியர்லி ஒருவரே துருவேறா உருக்கின் தந்தை என்று சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. ஜெர்மனியின் க்ரூப் நிறுவனத்தில் ஸ்ட்ராஸும் மவுரரும் 1912இலேயே நிக்கலும் சேர்த்த வேறொரு குடும்பத்தைக் கண்டிருந்தார்கள். அமெரிக்காவில் எல்வுட் ஹேன்ஸ் பிரியர்லியோடு அந்த உருக்கின் காப்புரிமைக்காக முட்டிக்கொண்டார். கடைசியில் இரண்டு தரப்பும் ஒரே நிறுவனத்தில் கூட்டுச் சேர்ந்தன. இந்த ஹேன்ஸ் இன்னொரு தடவையும் நம் கதைக்குள் வருவார்.

சரி, குழல் அரிப்பது எப்படி என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். அரிமானத்தையும் துருவையும் ஒன்றென்று நினைக்கவேண்டாம். துரு, சுடாமல் மூலையில் சாத்திவைத்த துப்பாக்கிக்கும் வரும். அரிமானம் சுட்டால் மட்டுமே வரும். அதுவும் குழல் முழுவதும் ஒரே மாதிரி வராது. தோட்டா அறை முடிந்து வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தைத் தொண்டை என்பார்கள். அங்கிருந்து முதல் இரண்டு அங்குலம்தான் போர்க்களம். மீதி இருபது அங்குலம் பெரும்பாலும் புதிதுபோலவே இருக்கும்.

மெல்லிய கேமராக் குழாய் ஒன்றைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தால், சில ஆயிரம் சுற்றுச் சுட்ட குழலில் தெரிவது கோடையில் வற்றிய ஏரிப் படுகை. கட்டங்கட்டமாக வெடித்த தரை. நடுவில் தீவுகளாக நிற்கும் உலோகம். ஒவ்வொரு சுற்றிலும் உட்சுவரின் மேற்தோல், ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு ஆழத்துக்கு, ஆயிரம் டிகிரியைத் தொட்டு மறுகணமே குளிர்கிறது. சூட்டில் விரியப் பார்க்கும் தோலைப் பின்னால் இருக்கும் குளிர்ந்த உலோகம் விடுவதில்லை. அதனால் நசுங்குகிறது. குளிரும்போது சுருங்கப் பார்க்கிறது, அப்போது கிழிகிறது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எரிவாயுவிலிருக்கும் கரியும் நைட்ரஜனும் அந்தத் தோலுக்குள் ஊறுகின்றன. கரி ஊறிய இரும்பு உடையக்கூடியது. அதோடு, உருகும் வெப்பமும் இறங்கிவிடுகிறது. சுத்த இரும்பு 1,538 டிகிரியில் உருகும். கரி போதுமான அளவு சேர்ந்தால் 1,147 டிகிரியே போதும். இப்படிக் கெட்டித்தும் இளகியும் போன தோலின் வெடிப்புகளுக்குள் அடுத்த சுற்றின் வாயு நுழைந்து தீவுகளைப் பெயர்த்துக்கொண்டு போகிறது.

இதைப் பார்த்த பிறகு ஒரு குழல் எத்தனை சுற்று தாங்கும் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் வெடிமருந்தின் அளவிலேயே இருப்பது புரியும். ஒரே துளை வழியாக எவ்வளவு மருந்து எரிகிறதோ அவ்வளவு சீக்கிரம் தொண்டை போகும். ஒலிம்பிக் போட்டியில் பயன்படும் .22 அங்குலச் சிறு தோட்டாவில் மருந்து ஒரு சிட்டிகை, குண்டு வெறும் ஈயம். அந்தக் குழல் பல்லாயிரம் சுற்றுக்குப் பிறகும் அசையாது. 1935இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .220 ஸ்விஃப்ட் இதற்கு மறுகோடி: ஏறக்குறைய அதே அளவுத் துளை, நொடிக்கு 1,250 மீட்டர் வேகம். குழலைத் தின்னும் தோட்டா என்று அது வாங்கிய கெட்ட பெயர் இன்றுவரை போகவில்லை. இந்த ஸ்விஃப்ட்டுக்குத்தான் வின்செஸ்டர் துருவேறா உருக்கில் குழல் போட்டுக் கொடுத்தது. பிரியர்லியின் உருக்கு சுற்றிக்கொண்டு வந்து குழலுக்கே சேர்ந்தது.

இன்று சந்தையில் இரண்டு குடும்பங்கள். குரோம்-மாலி என்று சுருக்கமாகச் சொல்லும் 4140, 4150 ஒரு குடும்பம். குரோமியம் ஒரு சதவீதத்தை ஒட்டி, மாலிப்டினம் அதில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கரிதான்: ஒன்றில் 0.40, மற்றதில் 0.50 சதவீதத்தை ஒட்டி. அமெரிக்க ராணுவம் தானியங்கித் துப்பாக்கிக் குழலுக்கு 4150ஐயும், வனேடியம் சேர்த்த அதன் உறவையும் கேட்கிறது. தனித்தனியாகச் சுடும் வேட்டைத் துப்பாக்கியில் 4140க்கும் 4150க்கும் இடையே நீங்கள் எந்த வித்தியாசத்தையும் காணமாட்டீர்கள். விளம்பரத்தில் மட்டும்தான் காண்பீர்கள். இடைவிடாமல் சுட்டுக் குழலே பழுக்கும்போதுதான் வனேடியத்தின் அருமை தெரியும். அந்தச் சூட்டிலும் அது வலுவை விட்டுக்கொடுக்காது.

மற்றது துருவேறா உருக்குக் குடும்பம், 416. குரோமியம் 12 முதல் 14 சதவீதம். பிரியர்லி வார்த்ததிலிருந்து அதிக தூரமில்லை. இதில் வேண்டுமென்றே கந்தகம் சேர்ப்பார்கள். உருக்குக்காரர்கள் கந்தகத்தை விரட்டுவதற்குத்தான் காலகாலமாகப் பாடுபட்டவர்கள்; இங்கே வரவேற்கிறார்கள். மாங்கனீசு சல்ஃபைடாக அது நீள நீளக் கோடுகளாய் உள்ளே படுத்திருக்கும். வெட்டுளி படும்போது சீவல் சுருளாமல் பொடிப்பொடியாக உதிரும். துளை பளபளவென்று வரும். போட்டிக் குழல்காரர்கள் துருவேறா உருக்கை விரும்புவதற்குப் பெரிய காரணம் இதுதான். துருப்பிடிக்காது என்பதல்ல, சுத்தமாக வெட்டுப்படும் என்பது. ஈயத்தில் சாணைப்பொடி தடவி உட்புறத்தை மெருகேற்றும் கடைசி வேலையும் இதில் நன்றாக வரும்.

இதற்கும் விலை உண்டு. குழலின் நீளவாக்கில் கிடக்கும் அந்தச் சல்ஃபைடுக் கோடுகள், குழல் விரிந்து பிளக்கப் பார்க்கும் திசையில் வழி காட்டுபவை. கடுங்குளிரில் இந்த உருக்கின் பொறுமையும் குறையும். அதனால் க்ரூசிபிள் என்ற அமெரிக்க ஆலை, கந்தகத்தைக் கட்டுக்குள் வைத்துக் குழலுக்கென்றே 416ஆர் என்ற வகையைச் செய்தது. இன்றைய போட்டிக் குழல்களில் பெரும்பகுதி அந்த வகைதான். சுடுகிறவர்களின் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: துருவேறாக் குழல் நெடுநாள் துல்லியமாகவே சுடும், பிறகு சட்டென்று விழுந்துவிடும், குரோம்-மாலிக் குழல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

தொடர்ந்து சுடும் ஆயுதங்களுக்கு ராணுவங்கள் போட்டிக்காரர்களின் பாதையில் போகவில்லை. துருவேறா உருக்கு வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். தோலில் விழுந்த சூடு உள்ளே இறங்கிப் பரவுவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடுகிறது. ராணுவங்கள் குரோமியத்தை உருக்குக்குள் கலக்காமல், துளையின் சுவரில் முலாமாகப் பூசின. குரோமியம் உருகுவது 1,907 டிகிரியில். கரியும் அதற்குள் எளிதில் ஊறாது. ஜப்பானியர் 1939இன் அரிசாகா 99 வகையில் இதைச் செய்தார்கள். கலாஷ்னிகோவ் வகைத் துப்பாக்கிகள் செய்கின்றன. நம் இன்சாஸும் செய்கிறது. அமெரிக்கர்கள் எம்.16ஐ முலாமில்லாமல் வியட்நாமுக்கு அனுப்பி அனுபவித்தார்கள். மழைக்காட்டு ஈரத்தில் தோட்டா அறை துருப்பிடித்தது. சுட்ட வெற்றுறை அறையிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. மாற்றிய வெடிமருந்தும், துடைக்கும் கருவியைக் கொடுக்காமல் விட்டதும் சேர்ந்துகொண்டன. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையே நடந்தது. அதன் பிறகு அறைக்கு முலாம் வந்தது. அடுத்துத் துளைக்கும் வந்தது.

முலாம் ஆயுளுக்கு நல்லது, துல்லியத்துக்கு எதிரி. நான் முதலில் சொன்ன எதிரெதிர் இதுதான். பூச்சின் தடிமன் முப்பது மைக்ரானுக்குள்தான். ஆனால் மின்முலாம் மூலைகளில் தடித்தும் குழிகளில் மெலிந்தும் படியும் குணமுள்ளது. இரண்டு மைக்ரானுக்குள் நிறுத்திய துளைமேல் இப்படி ஒரு பூச்சு விழுந்தால் அந்த உழைப்பு என்ன ஆவது? அதனால்தான் போட்டிக்காரர் யாரும் முலாம் பக்கம் போவதில்லை. படைவீரருக்கோ பத்தாயிரம் சுற்றுக்குப் பிறகும் சுடுகிற துப்பாக்கி வேண்டும்; ஓரிரு அங்குலம் விலகினால் பாதகமில்லை.

இயந்திரத் துப்பாக்கிகளில் முலாமும் போதவில்லை. அங்கேதான் எல்வுட் ஹேன்ஸ் மறுபடி வருகிறார். கோபால்ட்டும் குரோமியமும் சேர்த்து அவர் கண்ட ஸ்டெலைட் கலவையில் இரும்பு பெயருக்குத்தான். அரை இன்ச் பிரவுனிங், எம்.60 ஆகிய துப்பாக்கிகளின் குழலில் தொண்டைப் பகுதிக்கு மட்டும், சில அங்குல நீளத்தில், ஸ்டெலைட்டில் உள்ளுறை செருகினார்கள். அடி விழும் இடத்துக்கு மட்டும் கவசம். துருவேறா உருக்கின் உரிமைக்காகச் சண்டை போட்டவரின் வேறொரு கலவை, பிரியர்லிக்கு வந்த கேள்விக்கு விடை சொன்னது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இடையில் உருக்கின் பெயரைவிடப் பக்குவம் பெரிது என்றேன். அதற்கு ஒரு சாட்சி சொல்லவேண்டும். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை செய்த ரைஃபிள்கள் சில 1917இல் உடைந்தன. குழல் அல்ல, குழலைத் தாங்கும் ரிசீவர். ஆராய்ந்தால் உருக்கில் குறையில்லை. அடித்து வடிக்கும் தொழிலாளிகள் சூட்டைக் கண்ணால், நிறம் பார்த்தே கணித்துவந்தார்கள். மேகமூட்டமான நாளில் சரியாகத் தெரியும் செந்நிறம், பளீரென்று வெயில் அடிக்கிற நாளில் மங்கித் தெரியும். அதே நிறம் வரும்வரை காய்ச்சினால் சூடு நூறு டிகிரிக்கு மேல் கூடியிருக்கும், உருக்கு கருகியிருக்கும். வெப்பமானிகளைக் கொண்டுவந்தார்கள், வரிசை எண் 8,00,000க்குக் கீழே உள்ளவற்றை இன்றும் சுடவேண்டாம் என்று தவிர்க்கிறார்கள். பெரிய பெரிய உலைகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அனுபவசாலியின் கண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

நம்மவர்கள் மேடைகளில் அடிக்கடி சொல்லும் ஒன்றையும் தொட்டுவிட்டுப் போகிறேன். ஐரோப்பாவின் பழைய டமாஸ்கஸ் துப்பாக்கிக் குழல்கள் தென்னிந்திய ஊட்ஸ் உருக்கில் செய்தவை என்பார்கள். இல்லை. இரும்பு, உருக்குப் பட்டைகளை முறுக்கி, தண்டின்மேல் சுற்றி, அடித்து ஒட்டவைத்தவை அவை. வரிவடிவம் அந்த முறுக்கில் வந்தது. ஊட்ஸின் புகழ் வாள்களில், மூசை வார்ப்பில் பிறந்த புகழ். மைக்கேல் ஃபாரடே இளவயதில் உருக்குக் கலவைகளை ஆராயப் புகுந்ததே அந்த ஊட்ஸின் ரகசியம் தேடித்தான். நமக்கு அந்தப் பெருமை போதும், இல்லாததைச் சேர்க்கவேண்டாம்.

அண்மைக் காலத்தில் நைட்ரைடிங் பரவிவருகிறது. ஏறத்தாழ 580 டிகிரியில் உருகிய உப்புக் குளியலில் குழலை வைத்து, நைட்ரஜனைத் தோலுக்குள் ஏற்றுவது. மேலே எதுவும் பூசுவதில்லை. இருக்கிற உருக்கின் தோலே கெட்டியாகிறது, துளையின் அளவும் பெரிதாக மாறாது. முலாமுக்கும் மொட்டைக் குழலுக்கும் நடுவில் இது நல்ல சமரசம் என்பது என் எண்ணம். குழல் முன்பு பக்குவப்பட்ட சூட்டுக்கு அருகில் உப்புக் குளியல் போய்விட்டால் மட்டும், உள்ளே தங்கிய இறுக்கம் விழித்துக்கொண்டு குழல் வளையக்கூடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. போட்டிக்காரர்கள் தொண்டை போன குழலை உடனே எறிந்துவிடுவதில்லை. அறைப் பக்கத்தில் ஓர் அங்குலம் போல வெட்டித் தள்ளி, மறை போட்டு, ரீமர் விட்டுப் புதிதாக அறை குடைந்துகொள்வார்கள். அரித்த இடம் வெட்டோடு போயிற்று. நல்ல உலோகத்தில் புதுத் தொண்டை. துருவேறாக் குழலிலும் குரோம்-மாலியிலும் இது நடக்கும். நைட்ரைடு ஏற்றிய குழலில் ரீமர் பல்லிளிக்கும். அந்தத் தோலை அதனால் கடிக்க முடியாது. முலாமிட்ட குழலிலும் இதே கதி. நெடுநாள் தாங்கட்டும் என்று செய்த ஏற்பாடே மறுபிறவிக்குத் தடை.

ராணுவக் கிடங்கில் இந்த வெட்டி ஒட்டும் வேலையெல்லாம் இல்லை. அங்கே அளவுகோல் என்பது கோடு போட்ட ஓர் உருக்குக் குச்சி. அறை வழியாகத் தொண்டைக்குள் விடுகிறார்கள். கோட்டைத் தாண்டி உள்ளே போனால் அந்தக் குழல் பழைய இரும்புக்குப் போகும், அது எந்த உருக்காக இருந்தாலும் சரி.